பத்திக்குச் சுவர் வேண்டாம்

குடையைப் பிடித்துக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றேன். மார்கழி மழை. முருங்கைக்குக் கீழே நிற்பதும் வெட்டவெளியில் நிற்பதும் ஒன்றுதான். குடையில் ஒரு கம்பி முறிந்து, அந்தப் பக்கத்தால் தண்ணீர் என் தோளில் வழிந்தது. செருப்பில் ஒன்று சேற்றுக்குள் எங்கேயோ போய்விட்டது.

எனக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடலாம் என்கிற மாதிரி, எங்கள் புதுப் பத்தி நின்றது. வீட்டின் பின்சுவரோடு சேர்த்துச் சாய்வாகக் கூரை இறக்கி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு, கதிரை மேசை வைத்து, மழைக்கு நான் இருப்பதற்கென்றே கட்டியது. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அதை விட்டுவிட்டுத்தான் நான் முருங்கையடியில் நின்றேன்.

வயலில் வெள்ளத்துக்கு வரம்பு வெட்டிவிடப் போன இவர், என் மனிசன், தோளில் மண்வெட்டியும் தலையில் உரப்பையுமாக வந்து படலையைத் திறந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சேரும்! உமக்கென்ன விசரே? மழைக்கு இருக்கத்தானே உந்தப் பத்தியைக் கட்டினது?"

"உதுக்குள்ள இருக்க ஏலாமத்தான் வெளியில நிக்கிறன்."

"அதுவும் வெளிதானே அப்பா!"

"அது அறை! போய் நிண்டு பாருங்கோ, அறையோ இல்லையோ எண்டு!"

இவ்வளவு சத்தமாக நான் இவரோடு கதைத்ததே இல்லை. மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தவேண்டியிருந்தது என்று பிறகு சமாதானம் சொன்னேன். பொய். கோபம்தான்.

மகளின் தீர்ப்பு

என் கால் ஓரிடத்தில் நில்லாது. தபால் கந்தோரில் வேலை செய்த காலத்திலும் கதிரையில் இருந்ததைவிட எழும்பி நடந்ததுதான் அதிகம். முத்திரை கேட்டு வருகிறவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "அக்கா எங்க, திரும்பவும் நடக்கவே?" என்று பகிடி பண்ணுவார்கள். இப்போது எழுதும்போதும் ஒரு பந்திக்கு ஒருதரம் எழும்பிப் போய்க் குசினியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருகிறேன்.

வெய்யில் காலத்தில் அது வெறும் பழக்கம். மாரியில் அது நோய் மாதிரி ஒரு வருத்தம்.

கூரையில் மழை விழத் தொடங்கினால் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியாது. நெஞ்சு அடைக்கும். சுவர் கிட்ட வருகிற மாதிரி இருக்கும். எழும்பி வெளியே போய்விடுவேன். ஒழுங்கையால் நடப்பேன், வாய்க்கால் கட்டில் போய் நிற்பேன், திரும்ப வருவேன். சனம் என்ன நினைக்கும் என்ற வெட்கமெல்லாம் எப்போதோ விட்டுப்போயிற்று. எங்கள் ஊர் முத்தையன்கட்டில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. மழைக்குள் குடையோடு ஒரு பொம்பிளை போனால் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

போன மாரியில் அப்படி நனைந்து நனைந்து காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஒரே மகள் கயல் கொழும்பில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போனில் கோல் எடுத்தாள்.

"அம்மா, இனி நான் கெஞ்சமாட்டன். வாற மாரியில நீங்கள் இன்னொருக்கா இப்பிடி நனைஞ்சு படுத்தீங்களெண்டா, வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன். அப்பாவும் வரட்டும். வயலைக் குத்தகைக்குக் குடுங்கோ."

"எங்க கூட்டிக்கொண்டு போகப்போறாய்?"

"என்ர வீட்டுக்குத்தான். வேற எங்க?"

அவள் வீடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில், உயரத்தில். ஒரேயொரு தரம் போய் நின்றேன். லிப்ட் கதவு தானாகப் பூட்டுகிறது. வீட்டுக் கதவும் தானாகப் பூட்டுகிறது. ஜன்னல் கண்ணாடி அரைவாசிக்குத்தான் திறக்கும். குளியலறைக்கு ஜன்னலே இல்லை, ஒரு காற்றாடி சுற்றுகிறது. நல்ல வீடு, குறை சொல்லக்கூடாது. பிள்ளை உழைத்துக் கட்டுகிற வாடகை. ஆனால் அங்கே ஒரு மாரி இருந்தால் நான் செத்துப்போவேன். இதைச் சும்மா வாய்க்கு வந்தபடி எழுதவில்லை.

ஆகவே அடுத்த மாரிக்கிடையில் எனக்கு ஒரு இடம் வேண்டும். நனையாமலும் இருக்கவேண்டும், உள்ளேயும் இருக்கக்கூடாது. இல்லாவிட்டால் கொழும்பு.

கூரைகள்

மழையும் நானும் எப்போது பகையானோம் என்று கேட்பவர்களுக்கு ஒருதரம் மட்டும் எழுதுகிறேன். திரும்பத் திரும்ப எழுத எனக்கு ஏலாது.

சண்டைக்குள் இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போயிருந்த நாள்கள். மணல் நிலத்தில் பங்கர் வெட்டி, சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்து, அதை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். வெளியே போனால் செல் வந்து விழும். உள்ளே இருந்தால் மழைத் தண்ணீர் காலடியில் ஊறும். ஒரு பகல், நல்ல மழைக்குள், ஒரு பக்கத்துச் சுவர் சரிந்தது. கயல் என் மடியில். மண் என் கழுத்துவரை வந்தது நினைவிருக்கிறது. கஞ்சி வாங்கப் போயிருந்த இவர் ஓடிவந்து, கையாலேயே மண்ணைத் தோண்டி எங்கள் இருவரையும் இழுத்து எடுத்தார். விரல் நகங்கள் பிய்ந்துபோயின.

கயல் அப்போது கீழ்வகுப்புப் பிள்ளை. பிறகு ஒருநாளும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சின்னப் பிள்ளைதானே, மறந்துவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அந்தப் பகலிலிருந்து எனக்குச் சுவர் என்றால் பயம். இவருக்கோ, சுவர் பலமில்லாமல் இருந்தால் பயம். "அது சீமெந்துக் கல்லில கட்டியிருந்தா விழுந்திருக்காது" என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சொல்லுவார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு சம்பந்தமும் இல்லாமல் சொல்லுவார்.

பிறகு முகாமில் கூடாரம். மீள்குடியேற்றத்தில் தறப்பாள் கொட்டில். வன்னியில் தறப்பாள் இல்லாத வீடு ஒன்று இருந்தால் எனக்குக் காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்! நெல்லுக் காயப்போடத் தறப்பாள், ஆட்டுக் கொட்டிலுக்குத் தறப்பாள், கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் தறப்பாள். அதற்கும் பிறகுதான் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இந்த வீடு வந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, சின்னக் குசினி, முன்னுக்கு ஒரு துண்டு விறாந்தை. அந்த விறாந்தையில் இரண்டு கதிரை போட்டால் மூன்றாவது ஆள் படியில்தான் இருக்கவேண்டும்.

எந்தப் பக்கம்

பத்தி இறக்குவது என்று முடிவானதும் இவர் அளவு நூலைப் பிடித்துக்கொண்டு வீட்டின் முன்பக்கத்துக்குப் போனார். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் முன்பக்கம்தான் இறக்கியிருக்கிறார்கள். போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக் கதைக்கலாம்.

"முன்னுக்கு வேண்டாம்" என்றேன். "வாடைக் காத்து அந்தப் பக்கத்தாலதான் மழையைக் கொண்டுவந்து அடிக்கிறது. நீங்கள் எவ்வளவு நீட்டி இறக்கினாலும் தூவானம் கதிரைவரை வரும்."

"எல்லாரும் முன்னுக்குத்தானே இறக்கியிருக்கினம்?"

"எல்லாரும் மழை வந்தா உள்ளுக்க ஓடிப்போயிடுவினம். எனக்கெல்லோ தெரியும், மழை எங்கால வருது, எங்கால போகுது எண்டு. இவ்வளவு வருஷம் நனைஞ்சு திரிஞ்சது சும்மாவே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூல் பின்பக்கத்துக்குப் போனது. குசினிக் கதவைத் திறந்தால் பத்தி, பத்திக்கு அப்பால் முருங்கை, அதற்கு அப்பால் வயல். வாடைக்கு வீடே மறைப்பு. கண்ணுக்கு எட்டியமட்டும் வெளி.

கூரைக்கு என்ன போடுவது என்று அடுத்த சண்டை. எனக்குத் தென்னோலைக் கிடுகு வேண்டும். மழை விழுவது காதுக்குப் பெரிதாகக் கேட்காது. இவர் கிடுகு உக்கும், கறையான் தின்னும், தகரம்தான் என்று நின்றார். முள்ளியவளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் மன்சூர் நானாவிடம் வழக்குப் போனது. நானாவும் குடும்பமும் நீண்ட காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். எந்தப் பேச்சையும் சிரித்துக்கொண்டே தொடங்குவார்.

"நான் தகரம் விக்கிறவன், தங்கச்சி. எனக்கு லாபம் தகரத்திலதான். ஆனா சண்டை வேண்டாம். தகரத்தைப் போட்டு, அதுக்கு மேல கிடுகை வேயுங்கோ. ஒழுகவும் மாட்டுது, வெக்கையும் இல்லை, சத்தமும் இல்லை. புத்தளத்தில எங்கட கொட்டில் அப்பிடித்தான் இருந்தது."

அப்படியே செய்தோம். நிலத்தை முற்றத்தைவிட ஒரு படி உயர்த்தி, தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கமாகச் சரித்துச் சீமெந்து இழுத்தோம். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் அது ஓடக் கான் வெட்டி, உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டோம். மண் தெறித்துக் காலில் அடிக்காது. மூன்று பக்கமும் திறந்தபடி.

ஐப்பசியில் முதல் மழை பிடித்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு போய் இருந்தேன். தகரத்துக்கு மேலே கிடுகு, கிடுகுக்கு மேலே மழை. ஆரோ தூரத்தில் அரிசி புடைக்கிற சத்தம் போல இருந்தது. எழும்பிப் போகவேண்டும் என்றால் எந்தப் பக்கத்தாலும் போகலாம். அதனால் போகவில்லை. மழை விடும்வரை அந்தக் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் ஏனென்று தெரியாமல் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு நடந்தது

சனத்துக்குத் திறந்த இடத்தைக் கண்டால் பொறுக்காது. வெறுவாய்க்குச் சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் பால் எடுக்க வந்தவர் சொன்னார்: "அண்ணை, மேற்குப் பக்கத்தால கொஞ்சம் தூவானம் வரும் போல கிடக்கு. ஒரு தறப்பாளைக் கட்டிவிடுங்கோவன்." இவர் அன்றே கட்டினார். அடுத்ததாக ஆரோ, நாய் வந்து படுக்கும், அரைச்சுவர் ஒன்று வைத்தால் நல்லது என்றார்கள். சீமெந்துக் கல் வந்து இறங்கியது. கல்லைக் கண்டதும் இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அரைச்சுவர்தானே, இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அரைச்சுவர் வந்தபிறகு அதற்கு மேலே சும்மா விடலாமா? கதிரை மேசை இருக்கிறது, தண்ணீர் இறைக்கிற மோட்டரையும் கொண்டுவந்து வைத்தாயிற்று, கள்ளர் வருவார்கள். நான் ஒட்டுசுட்டானுக்குப் பென்சன் எடுக்கப் போன ஒரு நாளில், மன்சூர் நானாவின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் கம்பிக் கிறில் வந்து இறங்கிப் பொருத்தியும் ஆகிவிட்டது. இரும்புக் கதவு. ஆமைப்பூட்டு.

வன்னியில் வீட்டுக்கு ஒரு துண்டு சேர்க்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஒழுகி, நனைந்து, களவு கொடுத்து வந்த சனம். அடைக்கக்கூடிய பக்கம் ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இராது. அடைத்து முடிந்தபிறகுதான் தெரியும், இன்னொரு அறை கட்டியிருக்கிறோம் என்று.

அடுத்த நாள்தான் அந்த மார்கழி மழை. இவர் வயலுக்குப் போய்விட்டார். நான் பத்தியில் இருந்தேன். ஒரு பக்கம் தறப்பாள், மற்ற இரண்டு பக்கமும் கல்லும் கம்பியும். கம்பிக்கு அப்பால் மழை. பூட்டுக்கூடப் போடவில்லை, கதவு சும்மா சாத்தியிருந்தது. எல்லாம் தெரிந்தும் நெஞ்சு அடைத்தது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்படித்தான் நான் முருங்கையடிக்குப் போனேன்.

இவர் உரப்பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பத்திக்குள் போனார். நான் கத்தினபடியே உள்ளே நின்று பார்த்தார். ஒரு பக்கம், மறு பக்கம். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் நின்ற என்னைப் பார்த்தார்.

"இது பலமாக் கிடக்குதப்பா" என்றார். "இது விழாது. நான் பாத்துப் பாத்துத்தானே கட்டினனான். விழாது, உள்ளுக்க வாருமன்."

எனக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. நான் மழைக்குப் பயந்து ஓடித் திரிகிறேன் என்றால், இந்த மனிசன் இத்தனை காலமும் அந்த மண்ணைத்தான் தோண்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"விழாதெண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "எனக்கு ஓட ஒரு வழி வேணும். அவ்வளவுதான். பலமெல்லாம் எனக்கு வேண்டாம்."

மழை விட்டதும் இவர் அலவாங்கை எடுத்தார். கிறில் கழன்றது. வயல் பக்கத்து அரைச்சுவரும் இடிந்தது. கட்டிய கையாலேயே இடிப்பது அவருக்கு எவ்வளவு நோவு என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றப் பக்கத்துச் சுவரை மட்டும் விடச் சொன்னேன். அவருடைய கதிரையை அந்தச் சுவரோடு போடலாம். தறப்பாளைச் சுருட்டிக் கயிற்றில் கட்டி, வேண்டும்போது மட்டும் இறக்குகிற மாதிரி வைத்தார். மன்சூர் நானா வந்து கிறிலைத் திருப்பி ஏற்றினார். "ஊரில எல்லாரும் ஏத்திக்கொண்டு போக வருவினம், நீங்கள் ஒராள்தான் கழட்டினதைத் திருப்பிக் கொண்டுபோகக் கூப்பிட்டனீங்கள்" என்று சிரித்தார்.

ஆனால் நனைந்தது நனைந்ததுதான். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இவர் மறைக்கத் தெரியாத மனிசன், கோலில் மகளிடம் சொல்லிவிட்டார்.

வந்தாள்

கயல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு வெறும் பெரிய பையோடு வந்திருந்தாள். என் உடுப்பு வைப்பதற்கு.

"சொன்னனான்தானே அம்மா" என்று மட்டும் சொன்னாள். சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அவள் அலுமாரியைத் திறந்து என் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கத் தொடங்கினாள். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, உடம்பில் பலம் இல்லை. பத்தியைக் காட்டி, இப்போது திருத்தியாயிற்று, இனி நனையமாட்டேன் என்று இவர் கெஞ்சினார். அவள் எட்டியும் பார்க்கவில்லை.

பின்னேரம் மழை பிடித்தது. நான் எழும்பிப் பத்திக்குப் போய் என் கதிரையில் இருந்தேன். இவர் தன் சுவரோடு சாய்ந்து இருந்தார். கொஞ்ச நேரத்தில் கயல் வந்தாள். கையில் பாதி மடித்த என் சேலை. கூரையின் விளிம்பு வரை போய், அங்கே சீமெந்தில் குந்தினாள். உள்ளே கதிரை இருக்கிறது, வந்து இரு என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு எங்களைத் திரும்பிப் பாராமலே சொன்னாள்:

"அங்க மழை பெய்தா நான் வீட்டில இருக்கிறேல்லை, அம்மா."

"எங்க போறனி?"

"படியால இறங்கிக் கீழ போறனான். லிப்டில போக ஏலாது. கீழ கார் நிப்பாட்டிற இடம் இருக்கு, ஒரு பக்கம் திறந்தபடி. அங்க போய் நிக்கிறனான். காவல்காரர் ஒரு கதிரை தாறவர், இருக்கிறேல்லை."

இவர்தான் கேட்டார்: "எப்பயிருந்து பிள்ளை?"

"எப்பவும்தான் அப்பா. காய்ச்சலுக்கு அம்மாவைப் பேசிப்போட்டு நான் போனை வைக்கிறதும் அங்க நிண்டுதான்."

சேலையை முகத்தோடு பொத்திக்கொண்டு அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். தூவானம் எங்கள் இருவர் காலிலும் அடித்தது. மறந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டோமே, என்ன பெற்றவர்கள் நாங்கள் என்று இருந்தது.

இங்கேயே நின்றுவிடு என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்றாள். உண்மைதான். இங்கே அவள் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது? இரண்டு நாள் நின்று, இரண்டு நாளும் பத்தியிலேயே பாய் போட்டுப் படுத்தாள். பிறகு பஸ் ஏறினாள். பையில் என் சேலைகள் இல்லை; தேங்காயும் குத்தரிசியும் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கொழும்பில் மழை எங்கள் மாரியில் வருவதைவிட வைகாசி, ஆனியில்தான் பலமாக வரும். அந்த மாதங்களில் இங்கே பச்சை என்று ஒன்றும் இராது. குளத்தில் தண்ணீர் இறங்கி மரக்கட்டைகள் தெரியும். சோழகக் காற்று புழுதியை அள்ளிக் குசினிவரை கொண்டுவரும்.

இப்போது அந்தக் காலம்தான். நேற்று மத்தியானம் கோல் வந்தது. அடுப்பை நூர்த்துவிட்டுப் போனோடு பத்திக்குப் போனேன்.

"அம்மா, இஞ்ச பிடிச்சிட்டுது."

"இறங்கீட்டியோ?"

"இறங்கீட்டன்."

"சரி பிள்ளை. நில்லு. நானும் வெளியிலதான் இருக்கிறன்."

போனுக்குள் மழை கேட்டது. எனக்கு முன்னால் வயல் வெடித்துக் கிடந்தது.

சாப்பிட வந்த இவர் குசினிக் கதவில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இந்த வெக்கைக்குள்ள ஏனப்பா வெளியில இருக்கிறீர்? உள்ளுக்க ஃபான் சுத்துதெல்லே?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அங்க பெய்யுது" என்றேன்.

அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.